ஷவர் கர்ட்டனில் கறுப்புப் புள்ளிகள், பிசுபிசுப்பு... வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி? இந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க!

பாத்ரூமை தினமும் கழுவுவோம். ஆனால், அங்கே தொங்கும் ஷவர் கர்ட்டனை பலரும் கண்டுகொள்வதே இல்லை. சில வாரங்களில் அதன் கீழ் ஓரத்தில் கறை படிந்து, நாற்றமும் வரத் தொடங்கிவிடும்.

என்ன காரணம்?

வெள்ளைப் படலம்: போர்வெல் போன்ற உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் சோப்புடன் சேர்ந்து படிவது.

இளஞ்சிவப்புப் பிசுபிசுப்பு: பெரும்பாலும் பாக்டீரியா.

கறுப்புப் புள்ளிகள்: ஈரத்தில் வளரும் பூஞ்சை. ஆஸ்துமா, அலர்ஜி இருப்பவர்களுக்கு இது தொந்தரவு தரலாம்.

வாஷிங் மெஷினில் போடலாமா?

போடலாம். முதலில் லேபிளைப் பாருங்கள். கொக்கிகளை கழற்றிவிட்டு, ஒன்றிரண்டு பழைய துண்டுகளுடன் சேர்த்துப் போடுங்கள். துண்டு உரசுவதால் அழுக்கு நன்றாகப் போகும். வெதுவெதுப்பான நீர், 'ஜென்டில்' மோடு போதும். பிளாஸ்டிக் கர்ட்டன் என்றால் டிரையர் கூடவே கூடாது; சூட்டில் சுருங்கிவிடும்.

மெஷின் இல்லையா?

பக்கெட்டில் வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்புத்தூள் கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு ஈரத் துணியில் பேக்கிங் சோடாவைத் தொட்டு தேய்த்துக் கழுவுங்கள். உப்புக்கறை போகவில்லையா? வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து, 15 நிமிடம் கழித்து அலசலாம். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் நுரை வருமே தவிர, இரண்டின் வீரியமும் குறைந்துவிடும்.

உஷார்!

கறை சீக்கிரம் போகணும்னு ப்ளீச்சுடன் வினிகரையோ, டாய்லெட் ஆசிட்டையோ கலக்கவே கலக்காதீர்கள். நச்சுத்தன்மை உள்ள குளோரின் வாயு வெளியாகும். மூடிய பாத்ரூமில் இது உயிருக்கே ஆபத்து. அம்மோனியா உள்ள கிளீனரையும் ப்ளீச்சுடன் சேர்க்கக் கூடாது. தப்பித்தவறி கலந்து நெடி ஏறினால், உடனே வெளியே வந்துவிடுங்கள். இருமல், மூச்சுத்திணறல் இருந்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மீண்டும் கறை வராமல் இருக்க...

குளித்ததும் கர்ட்டனை ஒதுக்கி மடித்து வைக்காமல், விரித்து விடுங்கள். மடிப்புக்குள் தேங்கும் ஈரம்தான் பூஞ்சைக்குத் தீனி. ஜன்னலைத் திறந்தோ, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டோ காயவிடுங்கள். மாதம் ஒருமுறை துவைத்தால் போதும். துவைத்த பிறகும் கறுப்பு போகவில்லை, ஓரம் கிழிந்துவிட்டது என்றால், புதுசு மாற்றுவதே நல்லது.