பிடி அரிசிக்குக் கணக்குக் கேட்போம்

மணமேல்குடிப் பக்கம் மாணவர்களுடன் உட்கார்ந்து பேசும்போது எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "கிறித்தவத்துக்குப் போன நம் மக்களுக்குச் சபை என்ன செய்தது?" அவசியமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும் என்கிறோம். நம் மக்கள் சபைக்கு என்ன கொடுத்தார்கள்?

தமிழ் வேதாகமத்தில் 'உக்கிராணக்காரன்' என்றொரு சொல் வருகிறது. எசமானின் உடைமையைப் பொறுப்பில் வைத்திருப்பவன் என்று பொருள். பொருள் அவனுடையதல்ல. கேட்கும் நாளில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். உடல், நேரம், திறமை, நிலம், பணம் எல்லாம் கடவுள் நம்மை நம்பி ஒப்படைத்தவை. அவற்றை உண்மையாக நடத்த வேண்டும். இதைத்தான் சபைகளில் 'உக்கிராணத்துவம்' என்று போதிக்கிறார்கள்.

இந்தப் போதனையை ஓர் இயக்கமாகவே நடத்தியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இந்தியர்களின் காணிக்கையிலேயே நடக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சங்கத்தின் கொள்கை. பிறகு நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் போனார். 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார்.

தோர்ணக்கல் சபைகளில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். நிலமில்லாத கூலிகள். கையில் காசில்லாதவர்களிடம் காணிக்கை கேட்பது எப்படி? உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது வழக்கமானது. எடுத்து வைத்தவர்கள் பெண்கள். கிராமச் சபைகளின் செலவுக்கு அந்தப் பிடி அரிசியும் கை கொடுத்தது. கொடுத்தலைப் பற்றி அசரியா ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார்.

ஏழைகளிடமே பிடுங்குவதா என்று நமக்குக் கோபம் வரலாம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அன்றைய ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். சேரிக்காரர் கை நீட்டி வாங்க வேண்டியவர். அவர் கொடுத்தால் தீட்டு. அந்தக் கையிலிருந்து வந்த அரிசி பீடத்துக்குப் போனது. வாங்குபவர் என்று மட்டுமே அறியப்பட்டவர் கொடுப்பவர் ஆனார். சுயமரியாதையின் வரலாற்றில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

அசரியாவின் எல்லா நிலைப்பாடுகளும் நமக்கு உடன்பாடானவை அல்ல. கிறித்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றவர் அவர். அது தனியே பேச வேண்டிய விசயம்.

நம் கேள்வி வேறு. கொடுத்தவர்கள் கணக்கோடு கொடுத்தார்கள். பொறுப்பில் இருந்தவர்கள் கணக்குக் கொடுத்தார்களா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் நின்றது. 2010இல் அதை இடிக்கப் போராட வேண்டியிருந்தது. 2008இல் விழுப்புரம் பகுதி எறையூரில், சபைக்குள்ளே சம உரிமை கேட்ட தலித் கிறித்தவர்கள் தாக்கப்பட்டார்கள். நிலமும் கடவுள் ஒப்படைத்ததுதான் என்றால், அதைச் சாதிக்குப் பங்கு பிரித்தவர் எந்த வகை உக்கிராணக்காரர்?

அரசும் இதில் தப்பவில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். அரசு கைவிட்ட இவர்களைச் சபையும் கைவிட்டால் வேறெங்கே போவார்கள்?

உக்கிராணத்துவத்தை ஏழைக்கு மட்டும் பிரசங்கிப்பது பாதிப் போதனை. லூக்கா சுவிசேசத்தின் 16ஆம் அதிகாரத்தில் கணக்குக் கேட்கப்படுவது பொறுப்பில் இருந்தவனிடம்தான்.

எனவே தோழர்களே, உங்கள் ஊர்ச் சபைக்குப் போய்க் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் நம்மவர் எத்தனை பேர்? சபை நடத்தும் பள்ளி, கல்லூரி வேலைகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? கல்லறை எல்லோருக்கும் ஒன்றா? நம் பாட்டிமார் உலையிலிருந்து எடுத்து வைத்த அரிசி அது. அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.