மட்டி பாக்கெட்டில் ஒரு எச்சரிக்கை

போன மாசம் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிற என் காலேஜ் நண்பன் ஒரு போட்டோ அனுப்பினான். ஃப்ரீசரில் வைக்கிற மட்டி பாக்கெட். பின்பக்கம், இதைச் சாப்பிட்டால் கேட்மியமும் ஈயமும் உடம்புக்குள் போகலாம்னு ஒரு எச்சரிக்கை. "அப்புறம் எதுக்குடா விக்கிறாங்க?"ன்னு கேட்டான்.

அந்த வரிகளுக்குக் காரணம் புரொபொசிஷன் 65. 1986 நவம்பரில் அந்த மாநில மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம். அதன் முழுப்பெயர் 'பாதுகாப்பான குடிநீர்' என்றுதான் தொடங்கும். தர்மபுரிக்காரனான எனக்கு அங்கேயே ஆர்வம் வந்துவிட்டது. எங்க மாவட்டத்தில் போர் தண்ணியில் ஃபுளோரைடு. பழுப்பேறிய பல்லைப் பார்த்துத்தான் தண்ணியைப் பற்றியே தெரிஞ்சுக்குவோம். எந்தக் குழாயிலும் லேபிள் ஒட்டியிருக்காது.

மட்டியும் சிப்பியும் தண்ணியை வடிகட்டித்தான் சாப்பிடும்; அதில் இருக்கிற உலோகம் சதையில் சேர்ந்துக்கும். கேட்மியத்துக்கு அந்தச் சட்டத்தின் கணக்கு, வாய்வழியாக ஒரு நாளைக்கு 4.1 மைக்ரோகிராம். அதைத் தாண்டுறது தெரிஞ்சும் சொல்லாமல் விற்றால், மீறல் ஒன்றுக்கு நாளைக்கு 2,500 டாலர் வரை அபராதம். தனி ஆள்கூட 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வழக்குப் போடலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கிற கடைக்கு மட்டும் விலக்கு. முக்கியமான விஷயம், அளவு ஆபத்தில்லாததுன்னு நிரூபிக்க வேண்டியவர் விற்கிறவர்தான். 'இது கடலில் இயற்கையாவே இருக்கு'ன்னு சொன்னாலும் அதையும் அவர்தான் நிரூபிக்கணும். எதுக்கு வம்புன்னு சில பேர் பரிசோதிக்காமலே ஒட்டிடறாங்க. நாங்க கோடில் கண்ட இடத்தில் ட்ரை-கேட்ச் போடுற மாதிரி.

நிரூபிக்கிற சுமை எதிர்ப்பக்கம் இருந்தால் என்ன ஆகும்? ஜப்பானில் மினமாட்டா. 1956 மே மாதம் அந்த விசித்திரமான நோய் அதிகாரிகள் கவனத்துக்கு வந்தது. பாதிக்கப்பட்டவங்க பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். அடுத்த வருஷமே, விரிகுடாவில் பிடித்ததைத் தின்ற பூனைகளுக்கும் அதே நோய்னு உள்ளூர் சுகாதார மையம் காட்டிவிட்டது. குமமோட்டோ மாகாணம் உணவுச் சுகாதாரச் சட்டப்படி விற்பனையைத் தடை செய்யலாமான்னு மத்திய அமைச்சகத்தைக் கேட்டது. 1957 செப்டம்பரில் வந்த பதில்: அங்குள்ள எல்லா மீனும் சிப்பியும் விஷமாகிவிட்டது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, அதனால் அந்தச் சட்டம் செல்லாது.

எல்லா மீனும்! எனக்கு இதுதான் தாங்கலை. ஏன்னா முன்னுதாரணம் அவங்க நாட்டிலேயே இருந்தது. 1942-ல் ஹமானா ஏரி மட்டி சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் செத்தாங்க. 1949-ல் மறுபடி வந்தப்போ, விஷம் எதுன்னு தெரியாமலே ஷிஸுவோகா மாகாணம் தடை போட்டது. மட்டியிலிருந்து வருதுன்னு தெரிஞ்சதே போதுமானதா இருந்தது.

மினமாட்டாவில் சிஸ்ஸோ கம்பெனி, பாதரசக் கழிவு வந்த அந்தத் தயாரிப்பை 1968-ல்தான் நிறுத்தியது. அரசாங்கம் ஒத்துக்கிட்டதும் அதே வருஷம். பதிலுக்கும் அதுக்கும் நடுவில் பதினோரு வருஷம், தினமும் மீன் சாப்பிட்டவங்க இருந்தாங்க.

எங்க ஊருக்கு ஒகேனக்கல் தண்ணி 2013-ல் வந்தது, அதே ஜப்பானின் கடனில்.

நண்பன்கிட்ட அந்த மட்டியை என்னடா பண்ணினேன்னு கேட்டேன். மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டானாம்.