எம்.டி.யா, டி.ஓ.வா: அமெரிக்காவில் மருத்துவம் படிக்கும் முன் அறிய வேண்டியவை

புக்கிட் பாஞ்சாங் பலதுறை மருந்தகமானாலும் லிட்டில் இந்தியாவில் உள்ள தனியார் மருந்தகமானாலும், அங்கு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பிள்ளையை அமெரிக்காவுக்கு மருத்துவம் படிக்க அனுப்ப எண்ணும் பெற்றோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய விதி இது.

அமெரிக்காவில் மருத்துவராக இரண்டு பட்டங்கள் உண்டு. ஒன்று எம்.டி. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தபின் பெறும் மேற்படிப்பு எம்.டி.; அமெரிக்காவிலோ அதுவே முதல் மருத்துவப் பட்டம். மற்றொன்று ஆஸ்டியோபதி மருத்துவத்தில் டி.ஓ. இதன் முதல் பள்ளியை ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892ல் மிசோரி மாநிலத்தில் தொடங்கினார். இரண்டும் நான்காண்டுப் படிப்புகள். டி.ஓ. மாணவர்கள் தசை, எலும்புகளுக்குக் கைகளால் தரும் சிகிச்சையையும் கூடுதலாகக் கற்கின்றனர். அமெரிக்காவில் இரு பட்டதாரிகளும் மருந்து எழுதலாம். அறுவை சிகிச்சையும் செய்யலாம்.

பட்டம் பெற்றதும் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர வேண்டும். மாணவர்களும் மருத்துவமனைகளும் தங்கள் விருப்ப வரிசையைத் தருவார்கள். கணினி இரண்டையும் பொருத்தி இடம் ஒதுக்கும். டி.ஓ. மாணவர்களுக்கெனத் தனியாக நடந்த ஒதுக்கீடு 2020ல் பொது முறையுடன் இணைந்தது.

2024 ஒதுக்கீட்டில் அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 விழுக்காட்டினருக்கும் டி.ஓ. மாணவர்களில் 92.3 விழுக்காட்டினருக்கும் முதலாண்டுப் பயிற்சி இடம் கிடைத்தது. வெளிநாட்டில் மருத்துவம் படித்த, அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களில் இடம் பெற்றோர் 58.5 விழுக்காட்டினரே.

மொத்தக் கணக்கில் இடைவெளி சிறிது. ஆனால் துறைவாரியாகப் பார்த்தால் நிலைமை வேறு. குடும்ப மருத்துவம் போன்ற துறைகளில் டி.ஓ. பட்டதாரிகள் அதிகம். தோல் மருத்துவம், நரம்பியல் அறுவை சிகிச்சை போன்ற கடும் போட்டியுள்ள துறைகளில் எம்.டி. பட்டதாரிகளே பெரும்பான்மை. இத்தகைய துறைகளை நாடும் டி.ஓ. மாணவர்கள் பலர், தங்களுக்குரிய தேர்வுடன் எம்.டி. மாணவர்களின் தேர்வையும் எழுதுகின்றனர்.

சிங்கப்பூர் திரும்ப நினைப்போருக்கு இந்த விழுக்காடுகளைவிட முக்கியமானது மன்றம் ஏற்கும் வெளிநாட்டுப் பள்ளிகளின் பட்டியல். 2020 ஜனவரி 1 முதல் அது 160லிருந்து 103ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர் 2025ல் சில பள்ளிகள் சேர்க்கப்பட்டன. பட்டியலில் இடம்பெறும் அமெரிக்கப் பள்ளிகள் எம்.டி. பட்டம் வழங்குபவை. பட்டியலுக்கு வெளியே படித்தவர்கள், மன்றம் ஏற்கும் மேற்படிப்புத் தகுதியைப் பெற்று அதன்வழி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

பெயரால் ஒரு குழப்பமும் நேரலாம். சிங்கப்பூரில் ‘ஆஸ்டியோபத்’ என்போர் பொதுவாகக் கைகளால் வலிக்குச் சிகிச்சை தருபவர்கள். பதிவு பெற்ற மருத்துவர்கள் அல்லர்.

எனவே, முன்பணம் கட்டும் முன் மன்றத்தின் இணையத்தளத்தில் உள்ள அண்மைய பட்டியலில் பள்ளியின் பெயரையும் பட்டத்தின் பெயரையும் சரிபார்ப்பது அவசியம்.