ஒற்றைக் காலும் ஒற்றைக் கையும்: வளரிளம் பருவ உடலியக்கம் குறித்து ஒரு வாதம்

ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மாலேன் லிண்ட்ஹோம் குழுவினர் 23 ஆண், பெண்களுக்கு ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. வாரம் நான்கு முறை, முறைக்கு 45 நிமிடம், மூன்று மாதம். தொடங்குமுன்னும் முடித்தபின்னும் தொடைத் தசையில் ஊசியிட்டுத் துணுக்கு எடுத்தார்கள். இரு காலுக்கும் ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம், ஒரே மரபணுக்கள். ஆனாலும் பயிற்சி பெற்ற காலின் டி.என்.ஏ.வில் சுமார் 5,000 இடங்களில் மெத்தில் குறிகள் மாறியிருந்தன. 2014-இல் வெளியான இந்த ஆய்வு எபிஜெனெடிக்ஸ் எனும் மேல்மரபியலில் பெரிதும் பேசப்பட்டது.

மரபணு என்பது எழுத்து; மெத்தில் குறி அதன்மேல் வைத்த அடையாளம். எழுத்து மாறாது. எதைப் படிப்பது, எதை மூடிவைப்பது என்பது மாறும். இதே நிறுவனத்தில் 2012-இல் நடந்த மற்றோர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத இளைஞர்கள் ஒரே ஒருமுறை கடுமையாக மிதிவண்டி மிதித்ததுமே, தசையின் ஆற்றல் உற்பத்தியை நடத்தும் பி.ஜி.சி.-1 ஆல்ஃபா முதலான மரபணுக்களில் மெத்தில் குறி குறைந்தது.

இவற்றை மேற்கோள் காட்டி, 'விளையாட்டு பிள்ளைகளின் மரபணுவையே மாற்றும்' என்று எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தக் கால்கள் வளர்ந்தவர்களுடையவை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தொடையில் ஆய்வுக்காக ஊசியிறக்க எந்த அறநெறிக் குழுவும் எளிதில் சம்மதிக்காது. அதனால் வளரிளம் பருவத்தினரிடம் இரத்தமோ உமிழ்நீரோதான் எடுக்கிறார்கள். மெத்தில் குறிகளோ திசுவுக்குத் திசு வேறுபடுபவை. இரத்த அணுவில் கண்டதைத் தசைக்குச் சொல்வது பக்கத்து வீட்டுக் கணக்கைப் பார்த்து நம் வீட்டு வரவு செலவு எழுதுவது போன்றது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பூப்புத் தொடக்கமே மேல்மரபியல் நிகழ்ச்சியாக இருக்கக்கூடும். அமெரிக்காவின் ஒரிகனில் செர்ஜியோ ஒஹேதா குழுவினர் பெண் எலிகளிடம் இதைக் காட்டி 2013-இல் வெளியிட்டார்கள். கிஸ்பெப்டின் மரபணுவை அடக்கிவைத்திருந்த புரதங்கள் பூப்பு நெருங்கும்போது விலகுகின்றன. பாலியல் ஹார்மோன்களை எழுப்பும் சங்கிலி அங்கிருந்து தொடங்குகிறது. இப்படித் தானாகவே குறிகள் மாறிக்கொண்டிருக்கும் வயதில் ஓட்டத்தால் வந்தது எது, வளர்ச்சியால் வந்தது எது என்று பிரிப்பது கடினம். வயது மட்டும் கணக்கிட்டுப் பூப்பு நிலையைக் கணக்கிடாத ஆய்வின் முடிவை நம்ப முடியாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

அப்படியானால் உறுதியாகத் தெரிந்தது என்ன? ஹார்மோன் பக்கம் நிறைய இருக்கிறது. பூப்புக் காலத்தில் வளர்ச்சி ஹார்மோன் பெருகுவதோடு, ஆரோக்கியமான பிள்ளைகளிடம்கூட இன்சுலினுக்கு உடல் இணங்குவது குறைகிறது. இயங்கும் தசையோ இன்சுலினை எதிர்பாராமலே குளூட்-4 என்னும் கடத்தியைச் செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து சர்க்கரையை உள்ளிழுக்கும். எந்த வயதில் இன்சுலின் தடுமாறுகிறதோ, அதே வயதில் ஓட்டம் கைகொடுக்கிறது.

இதைவிட வலுவான சான்று எலும்பில் இருக்கிறது. பின்லாந்தில் பெக்கா கன்னஸ் குழுவினர் 105 டென்னிஸ், ஸ்குவாஷ் வீராங்கனைகளின் இரு கைகளையும் ஒப்பிட்டார்கள். மட்டை பிடிக்கும் கை ஒன்று, பிடிக்காத கை ஒன்று. கரோலின்ஸ்காவின் ஒற்றைக் கால் போலவே இங்கும் உடல் தனக்குத்தானே அளவுகோல். ஆட்டக்கையில் எலும்புத் தாது கூடுதலாக இருந்தது. முதல் மாதவிடாய்க்கு முன்போ அதையொட்டியோ விளையாடத் தொடங்கியவர்களிடம் அந்தக் கூடுதல், பிறகு தொடங்கியவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெளியான ஆண்டு 1995. மெத்தில் குறி பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஆனால் 'எப்போது' என்ற கேள்விக்கு அந்தக் கை சொல்லும் பதிலை வேறெந்த ஆய்வகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

கனடாவின் சஸ்காச்சுவான் ஆய்வு பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. எலும்புத் தாது மிக வேகமாகச் சேரும் வயது பெண்களுக்குச் சராசரியாக 12.5, ஆண்களுக்கு 14.1. அந்த உச்சம் கடந்த ஓராண்டில், நன்கு இயங்கிய சிறுமிகளின் மொத்த எலும்புத் தாது, இயங்காதவர்களைவிட 17 விழுக்காடும் சிறுவர்களிடம் 9 விழுக்காடும் அதிகம்.

அளவு மீறினாலும் கேடுதான். உண்பது போதாமல் கடும்பயிற்சி செய்தால் மூளை முதலில் குறைப்பது இனப்பெருக்க ஹார்மோன்களை. ஹார்வர்டின் ரோஸ் ஃபிரிஷ் 1981-இல் காட்டியபடி, பூப்புக்கு முன்பே கடும்பயிற்சி தொடங்கிய கல்லூரி வீராங்கனைகள் பூப்பெய்திய சராசரி வயது 15.1, பிறகு தொடங்கியவர்களுக்கு 12.8. மாதவிடாய் நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பும் தேயும். ஆகவே பயிற்சியாளர் தட்டில் விழும் சோற்றையும் பார்க்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை சராசரியாக நாளுக்கு 60 நிமிட இயக்கம் கேட்கிறது. 2016 நிலவரப்படி உலகில் பள்ளி செல்லும் வளரிளம் பருவத்தினரில் 81 விழுக்காட்டினர் அதை எட்டவில்லை. சிறுமிகளில் 85 விழுக்காடு.

நம் ஊரில் பெண் பிள்ளைக்கு 12.5 வயது என்றால் ஏழாம், எட்டாம் வகுப்பு. 'பெரியவளாயிட்ட, இனி என்ன ஓட்டமும் குதியும்' என்று வீடு தடுப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கமும் அடுத்தடுத்த வகுப்புகளில் கூடுகிறது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமாவது, எந்தப் பாடத்துக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாத பீரியட் என்று கால அட்டவணையில் எழுதிவிடலாம். மேல்மரபியல் தன் சான்றைக் கொண்டுவர இன்னும் நாளாகும்; கன்னஸ் அளந்த கை வெளிச்சத்துக்கு வந்து முப்பது ஆண்டாகிறது.