சோம்பேறி என்று யார் சொன்னது?

பாட்டி எங்களை வெறுங்காலோடு வாசலில் இறங்க விட்டதே இல்லை. "மண்ணு கடிக்கும்டா" என்பார். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். விரலிடுக்கில் வரும் அரிப்பு அவருக்குச் சேத்துப்புண், அவ்வளவுதான். அவருடைய அப்பாவைக் கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். "ஏய் சோம்பேறி!"தான். நாலு மரம் வெட்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்குமாம்.

கொக்கிப்புழுவைப் பற்றிப் படித்தபோதுதான் மண் உண்மையிலேயே கடிக்கும் என்று புரிந்தது. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளரின் கையில் புழுக்குஞ்சுகள் இருந்த நீர் தவறிச் சிந்தியது. தோல் சிவந்து அரித்தது. சில வாரங்களில் அவர் மலத்திலேயே முட்டைகள். வாய் வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் புழு நுழையும் என்ற உண்மை அப்படித்தான் வெளிப்பட்டது.

ஈர மண்ணில் காத்திருக்கும் குஞ்சு, உடம்புச் சூட்டையும் தோலின் வாசத்தையும் அறிந்து உள்ளே போகிறது. ரத்தம், நுரையீரல், தொண்டை என்று சுற்றிக் குடலை அடைகிறது. அங்கே உடம்போடு அதற்கு ஒரு பேச்சுவார்த்தை உண்டு. ரத்தம் உறையாதிருக்க ஒரு புரதம். எதிர்ப்பு அணுக்களை அடக்கிவைக்க இன்னொன்று. உடம்பும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. அதனால்தான் புழு வருடக்கணக்கில் அங்கேயே குடியிருக்கிறது. நெகேட்டர் வகைப் புழு ஒன்று ஒரு நாளில் குடிப்பது ஒரு சொட்டுக்கும் குறைவு. நூறு புழு என்றால் நாளுக்குச் சுமார் 3 மில்லிலிட்டர். அரைவயிற்றுச் சோற்றில் அந்த ரத்தம் எப்படி ஊறும்? வெளியே தெரிவது களைப்பு மட்டும். அமெரிக்கப் பத்திரிகைகள் இதற்குச் 'சோம்பேறிக் கிருமி' என்றே பெயர் வைத்தன.

1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் நிறுவனம் அனுப்பிய டார்லிங் குழு மலாயா, ஜாவா, பிஜி தீவுகளில் ஆய்வு செய்தது. மருந்து கொடுத்து, வெளியேறிய புழுக்களை எண்ணி, ஓர் உடம்பில் எத்தனை என்று கணக்கெடுத்தது. 1920இல் அறிக்கையும் வந்தது.

கொள்ளுத்தாத்தா பால் வெட்டப் போனது அதற்குப் பிறகுதான். புழு இன்னதென்று தெரிந்த பிறகும் அவருக்குக் கிடைத்தது செருப்போ கக்கூஸோ இல்லை, வசவுதான். அதைவிட வருத்தம், எங்கள் வீட்டிலும் "தாத்தா கொஞ்சம் சோம்பேறி"ன்னு சிரித்துக்கொண்டே சொல்வோம். கங்காணியின் சொல்லை மூன்று தலைமுறையாக நாங்களே சுமந்திருக்கிறோம்.

இனிமேல் யாராவது அப்படிச் சொன்னால், இந்தக் கதையைச் சொல்வதாக இருக்கிறேன்.