மின்னதிர்ச்சிச் சிகிச்சை

மயக்க நிலையில் உள்ள நோயாளியின் மூளை வழியே சில நொடிகள் மின்சாரம் செலுத்தி, வலிப்பை வரவழைத்து மனநோயைத் தணிக்கும் முறை. பேச்சு வழக்கில் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’ எனப்படும். முக்கியமாகக் கடும் மனச்சோர்வுக்கு அளிக்கப்படுகிறது.

மின்சாரத்தை மருந்தாக்கும் எண்ணம் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொன்னார். எனினும் வலிப்பையே மருந்தாகக் கொண்டவர் புடாபெஸ்டின் மனநல மருத்துவர் மெடுனா. வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகை என்று நம்பிய அவர், வலிப்பை வரவழைக்க 1934இல் கற்பூர ஊசி போட்டார். பிறகு மெட்ராசோல் என்ற மருந்துக்கு மாறினார். ஊசிக்கும் வலிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தில் நோயாளிகளை மரண பயம் பிடித்து ஆட்டியது.

அதே காலத்தில் ரோமில் மருத்துவர் ஊகோ செர்லெட்டி, மின்சாரத்தால் நாய்களுக்கு வலிப்பு வரவழைத்து ஆராய்ந்துவந்தார். ஒரு மின்முனை வாயிலும் மற்றொன்று ஆசனவாயிலும் இருந்ததால் மின்சாரம் இதயத்தைக் கடந்தது. பல நாய்கள் செத்தன. நகரின் இறைச்சிக் கூடத்தில் பன்றிகளை மின்சாரத்தால் கொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார். அங்கே பெரிய இடுக்கியால் பன்றியின் இரு பொட்டுகளையும் கவ்வி மின்சாரம் பாய்ச்சினார்கள். பன்றி விறைத்து விழுந்து வலிப்பில் துடித்தது, சாகவில்லை. நினைவு திரும்புவதற்குள் கழுத்தை அறுத்தார்கள். கத்தி தாமதித்தால் பன்றி எழுந்து நடந்துவிடும். தலையோடு நின்றால் மின்சாரம் உயிரைப் பறிக்காது என்பது செர்லெட்டிக்கு அங்கேதான் உறைத்தது.

1938 ஏப்ரலில் செர்லெட்டி குழுவினர் இச்சிகிச்சையை முதல் மனிதருக்கு அளித்தார்கள். நாள் 11 என்பார் சிலர். வேறு நாள் சொல்வோரும் உளர். ரயில் நிலையத்தில் பிதற்றித் திரிந்தவரைக் காவலர்கள் அனுப்பிவைத்திருந்தனர். முதல் முறை வலிப்பு வரவில்லை. அவர் பாடத் தொடங்கிவிட்டாராம். மின்னழுத்தத்தைக் கூட்டியபின் வந்தது. இடையில் நோயாளி என்ன சொன்னார் என்பதில் கூட இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளே ஒத்துப்போகவில்லை. கருவியை வடிவமைத்தவர் செர்லெட்டியின் உதவியாளர் லூச்சோ பீனி. பெருமையில் அவர் பங்கு எவ்வளவு என்பதும் தீராத வழக்கு. செர்லெட்டி பிற்காலத்தில் அதிர்ச்சி பெற்ற பன்றிகளின் மூளைச்சாற்றிலும் மருந்து தேடினார். அது பலிக்கவில்லை.

வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு முறிந்ததால், 1940 முதல் தசைத் தளர்த்திகள் சேர்ந்தன. 1950களில் மயக்க மருந்துடன் கொடுப்பது பரவலாயிற்று. அதே காலத்தில் மனநோய் மாத்திரைகள் வந்து இதன் இடத்தைச் சுருக்கின. தண்டனைபோல் பயன்படுத்தப்பட்டது என்ற குற்றச்சாட்டும் 1975இல் வந்த ஹாலிவுட் படமொன்றும் இதன் பெயரைக் கெடுத்தன. சிலருக்கு நினைவிழப்பு நேர்வது மறுக்கப்படுவதில்லை. அது எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. எவ்வாறு பலன் தருகிறது என்பதற்கும் பல கொள்கைகள் உள்ளன.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தசைத் தளர்த்தியும் மயக்க மருந்தும் இன்றி இதை அளிக்கத் தடை விதித்தது. 18 வயது நிறையாதோருக்கு அளிக்கப் பாதுகாவலரின் ஒப்புதலும் மனநல ஆய்வு வாரியத்தின் முன்அனுமதியும் தேவை.