சென்னை அனாதை விடுதியும் சட்டாம்பிள்ளையும்

1789இல் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென விடுதியொன்று தோற்றுவிக்கப்பட்டது. 1789இல் அதன் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பயிலக் கண்டார். விடுதி ஆசிரியர்கள் அம்முறையைக் கைக்கொள்ளாமையால், மாணவன் ஒருவனையே கற்பிக்க அமர்த்தினார். நாளடைவில் வகுப்புகளின் அன்றாட நிருவாகம் பெரும்பாலும் ‘மானிட்டர்’ எனப்பட்ட மாணவர்களிடம் வந்தது, செலவும் குறைந்தது.

1797இல் இலண்டனில் வெளியான பெல்லின் அறிக்கைவழி இது ‘மதராஸ் முறை’ எனப் பரவியது. ஆயின், மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பித்தல் திண்ணைப் பள்ளியின் பழவழக்கே. அவன் பெயர் ‘சட்டாம்பிள்ளை’. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் நிலைத்தது. பதவிப்பெயர் சென்று சேரவில்லை. இவ்வரலாற்றைத் தமிழில் பெயர்ப்போர் ‘மானிட்டர்’ என்பதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. உரிய சொல் வழக்கிலேயே உள்ளது.